வாசகர் கேள்வி – பதில்: ஏட்டைத் திறந்து பார்த்தவர் யார்?

இம்மாதம் அஞ்சலிலும் வாட்சாப்பிலும் வந்த கேள்விகளில் ஐந்து, கேட்டவர்கள் ஐந்து பேராக இருந்தும், ஒரே பொருளைச் சுற்றி அமைந்துவிட்டன. ஆய்வுக் கட்டுரைகள் இன்று எப்படி எழுதப்படுகின்றன, யார் வெளியிடுகிறார்கள், எதை நம்புவது என்பதே அது. பினாங்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்விதழ்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

*

கேள்வி: ஐயா, என் மகள் கோலாலம்பூரில் பி.எச்.டி. படிக்கிறாள். பட்டம் பெறுவதற்கு முன், ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வந்திருக்க வேண்டுமாம். ஏழே நாளில் வெளியிட்டுத் தருகிறோம், 450 அமெரிக்க டாலர் கட்டுங்கள் என்று ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பணம் கேட்கிறாள். கட்டலாமா? – ஒரு தாய், செந்தூல்

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. மகளைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். காலக்கெடு நெருங்கும்போது இப்படி ஒரு கடிதம் வந்தால் யாருக்கும் மனம் தடுமாறும்.

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகளின் ஆய்வு மொழிக் கல்வி பற்றியது. கடிதமோ நீர்வளப் பொறியியலில் அவர் ஆற்றிவரும் அரும்பணியைப் புகழ்கிறது. ஆசிரியர் குழுவில் ஒருவர் பெயரும் இல்லை. பணம் செலுத்த வேண்டிய கணக்கு எண் மட்டும் இரண்டு இடங்களில் தடித்த எழுத்தில் இருக்கிறது. இதற்குமேல் சான்று தேவையில்லை.

ஒரு நல்ல ஆய்விதழ், வந்த கட்டுரையை அத்துறை அறிந்த இருவர் மூவரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கும். அவர்கள் குறை சொல்வார்கள், எழுதியவர் திருத்துவார், மறுபடியும் கேள்வி வரும், மாதங்கள் ஆகும். நமக்கு இது புதிதும் அன்று. தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் குற்றமறத் தெரிவிக்கப்பட்டு அரங்கேறியதாக அதன் பாயிரமே சொல்கிறது. இடைமறித்துக் கேட்கத் தகுதியுள்ள ஒருவர் அவையில் இருந்ததுதான் அந்த அரங்கேற்றத்தின் மதிப்பு. ஏழு நாளில் வெளியிடுகிறோம் என்பவர்கள் அந்த ஆசானின் இருக்கையைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

அந்த இருக்கை எத்தனை இடங்களில் காலியாக இருக்கிறது என்பதை 2013-இல் ஜான் பொகானன் என்ற அறிவியல் எழுத்தாளர் சோதித்துக் காட்டினார். லைக்கன் எனப்படும் பாசிக்காளான் இனம் ஒன்றிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோயைத் தடுக்கிறது என்று, வேதியியல் படித்தவர் பார்த்தவுடன் பிழை கண்டுபிடிக்கக்கூடிய ஒரு போலிக் கட்டுரையை இல்லாத ஆய்வாளர்களின் பெயரில் எழுதி, எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இத்தகைய வெளியீட்டாளர்களைக் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் 2010-லேயே ‘வேட்டையாடும் பதிப்பாளர்கள்’ என்று பெயரிட்டுப் பட்டியல் போட்டிருந்தார். 2017-இல் அந்தப் பட்டியலை அவர் இணையத்திலிருந்து எடுத்துவிட்டபோது எங்கள் நூலகத்தில் பலர் வருந்தினோம். குறைகள் உள்ள பட்டியல்தான். ஆனாலும் மாணவர்களிடம் சுட்டிக்காட்ட எங்களுக்கு ஒன்று இருந்தது.

பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. வைலி என்ற பழம்பெரும் பதிப்பகம் ஹிந்தாவி என்ற ஆய்விதழ் நிறுவனத்தை 2021-இல் 298 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதன் ‘சிறப்பிதழ்கள்’ வழியாக, காசுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் கூட்டங்கள் உள்ளே நுழைந்திருந்தது பிறகு தெரியவந்தது. 2023-இல் உலகெங்கும், பிழையோ மோசடியோ தெரிந்து செல்லாது என்று திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் 10,000-ஐத் தாண்டின. அவற்றில் 8,000-க்கும் மேற்பட்டவை ஹிந்தாவியுடையவை. ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட வேண்டியதாயிற்று.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தாமல், ஸ்கோப்பஸின் இதழ்ப் பட்டியலை நேராகத் திறந்து, இதழின் பெயரை வைத்துத் தேடாமல் ஒவ்வோர் இதழுக்கும் தனியாக உள்ள ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை வைத்துத் தேட வேண்டும். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அச்சு அசலாக அதைப் போலவே இணையத்தளம் அமைத்துப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் இருந்தாலும், இடையில் அந்த இதழைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் பழைய இதழ்களில் நான்கு கட்டுரைகளைப் படித்தாலே தரம் புரிந்துவிடும். ஐயம் இருந்தால் பல்கலைக்கழக நூலகரிடம் போகட்டும். அந்த வேலைக்காகத்தான் நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம். கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி என்று எண்ணிவிடவும் வேண்டாம். புகழ்பெற்ற அறிவியல் இதழான நேச்சரே, கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது. ஆனால் சந்தாவில் நடக்கும் நல்ல இதழ்கள் பல, எழுதுபவரிடம் ஒரு சென்னும் கேட்பதில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேட்டுக்குக் கணினியைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது கட்டுரைகளை எண்ணத் தொடங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது. ஓர் இதழின் கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற எண், இருக்கும் பணத்தில் எந்த இதழ்களை வாங்குவது என்று முடிவுசெய்ய எங்களைப் போன்ற நூலகர்கள் பயன்படுத்திய ஒன்று. இதழை அளக்கப் பயன்பட்ட அதே கோலை எடுத்து மனிதரை அளந்தார்கள். பதவி உயர்வும், கே.பி.ஐ. என்ற பணி இலக்குக் கணக்கும், தரவரிசையும், உங்கள் மகளின் பட்டமும் அதிலே வந்து நின்றன. இரண்டு கட்டுரை வேண்டும் என்று விதி போடுபவர்கள், அந்த இரண்டையும் யாராவது படித்தார்களா என்றும் கேட்டிருந்தால் அந்த மின்னஞ்சல் உங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

*

கேள்வி: தமிழ் இலக்கியத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். சங்கப் பாடல்களிலிருந்து மேற்கோள் தேட சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். மேற்பார்வையாளர் ஒரு மேற்கோளைக் காட்டி, இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. மூன்று மேற்கோள்களை இணைத்துள்ளேன். செயற்கை நுண்ணறிவைத் தொடுவதே தவறா, ஐயா? – மாணவர், குளுகோர், பினாங்கு

பதில்: தம்பி, மூன்றையும் என் அலமாரியில் உள்ள பதிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தேன். முதலாவது சரி. இரண்டாவதில் பாடல் எண் சரி, புலவர் பெயர் தவறு. மூன்றாவது, புறநானூற்றின் 417-ஆம் பாடல் என்று ஐந்து அடிகளைத் தருகிறது. புறநானூற்றில் இருப்பவை 400 பாடல்கள்தாம். அந்த ஐந்து அடிகளும் சங்கத் தமிழ் போலவே ஒலிக்கின்றன. யானையும் வேலும் பாணனும் வருகிறார்கள். ஆனால் ஓசை இரண்டாம் அடியிலேயே தடுக்குகிறது, அப்படி ஒரு பாடலும் இல்லை. உங்கள் மேற்பார்வையாளர் அன்று கேட்டிருக்காவிட்டால் அது ஆய்வேட்டில் ஏறி, அங்கிருந்து இன்னொருவர் துணைநூற் பட்டியலுக்குப் போய், பத்தாண்டு கழித்து ‘பாடபேதம்’ என்று ஒருவர் விவாதிக்கும் நிலைக்கு வந்திருக்கும். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இந்தக் கருவி ஏட்டைப் புரட்டிப் பார்த்து மேற்கோள் சொல்வதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று, தான் கற்ற பெருந்திரளிலிருந்து கணித்து அடுக்குகிறது. ஆகையால் உண்மையும் பொய்யும் ஒரே தெளிவோடு, ஒரே துணிவோடு வருகின்றன. மனிதர் தயங்கும் இடத்தில் அது தயங்குவதில்லை.

பிழை ஒன்று இப்படிப் பரவியதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1959-இல் ஒரு நுண்ணுயிரியல் இதழில் இரண்டு பத்திகளாக அச்சான கட்டுரையில், இடப்பத்தியின் ஒரு வரி ‘வெஜிடேட்டிவ்’ என்று முடிகிறது. அதற்கு நேரே வலப்பத்தியில் ‘எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’ என்று இருக்கிறது. பழைய இதழை ஸ்கேன் செய்து எழுத்தாக்கியபோது, கணினி இரு பத்திகளையும் ஒரே வரியாகப் படித்துவிட்டது. ‘வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’ என்று உலகத்தில் இல்லாத ஒரு நுண்ணோக்கி முறை பிறந்தது. பல ஆண்டு கழித்து அதே சொற்றொடர் ஈரானிய ஆய்வாளர்களின் கட்டுரைகளில் தோன்றியது. பாரசீக மொழியில் ‘வெஜிடேட்டிவ்’ என்பதற்கான சொல்லுக்கும், உண்மையான நுண்ணோக்கி முறையின் பெயரில் வரும் ‘ஸ்கேனிங்’ என்பதற்கான சொல்லுக்கும் ஒரு புள்ளிதான் வேறுபாடு. இப்போது அது செயற்கை நுண்ணறிவின் நினைவிலும் ஏறி, கேட்டால் தானாகவே எழுதித் தருகிறது. ஒரு புள்ளி எவ்வளவு பாடுபடுத்தும் என்பது தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லாததால் நம் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை சுவடிகளை ஒப்பிட வேண்டியிருந்தது! உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது அப்படிப்பட்ட உழைப்பின் பின்தான்.

தொடுவதே தவறா என்று கேட்டீர்கள். தவறில்லை. எந்த நூலில் தேடலாம் என்று வழி கேட்கலாம். ஆங்கில நடையைச் சீர்செய்யச் சொல்லலாம். உங்கள் வாதத்தை மறுத்துப் பேசச் சொல்லலாம். ஆனால் அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்காமல் எழுதக் கூடாது; பயன்படுத்தியதை மறைக்கவும் கூடாது. 2023 ஜனவரியில் நேச்சர், சயன்ஸ் ஆகிய இரு இதழ்களுமே, இத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிட முடியாது என்று அறிவித்தன. எழுதியதற்குப் பொறுப்பேற்க முடியாத ஒன்று எப்படி ஆசிரியராக முடியும்? மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 பிப்ரவரியில் பார்த்தோம். உயிரணு உயிரியல் ஆய்விதழ் ஒன்றில், செயற்கை நுண்ணறிவு வரைந்த எலியின் படம், உலகில் எந்த எலிக்கும் இல்லாத உறுப்பளவோடும் பொருளில்லாத எழுத்துக்கூட்டலோடும் அச்சேறி, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. மதிப்பீட்டாளர் ஒருவர் படங்களைப் பற்றிக் குறை சொல்லியும், அவை திருத்தப்படாமலேயே அச்சேறியிருக்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘இது கணினி எழுதியது’ என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை வைத்து மாணவர்களைக் குற்றவாளியாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அந்த மென்பொருள்கள் கணினி எழுதியவை என்று சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்து, மூன்றாம் மொழியாக ஆங்கிலம் கற்று, எளிய சொற்களில் எழுதும் நம் பிள்ளை இந்த எந்திரத்தின் முன் குற்றவாளியாக நிற்கக் கூடாது. உங்கள் வரைவுகளையும் குறிப்பேடுகளையும் தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள், தம்பி. நாளை யாராவது ஐயப்பட்டால் அவைதான் பேசும்.

*

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தாதி. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று ஓர் ஆய்வு சொன்னதாக எங்கள் குடும்ப வாட்சாப்பில் இன்னும் செய்தி ஓடுகிறது. அது பொய் என்றால் பெரிய இதழில் எப்படி வந்தது? பெரிய இதழிலேயே பொய் வரும் என்றால் எதைத்தான் நம்புவது? – புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நியாயமான கோபம், அம்மா. அந்தக் கட்டுரை 1998 பிப்ரவரியில் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் எழுதியது. ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர் மட்டுமே. பத்திரிகையாளர் பிரையன் டீர் பல ஆண்டுகள் தோண்டித் துருவி, தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்த வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்ட் பணம் பெற்றதை வெளிக்கொணர்ந்தார். 2010-இல்தான் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இடையில் கழிந்தவை 12 ஆண்டுகள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்றே கண்டது. குடும்பக் குழுவில் இந்த இரண்டு எண்களையும், 12-ஐயும் 6,57,461-ஐயும், அருகருகே போடுங்கள்.

இதோடு இன்னொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 மே 22 அன்று அதே லான்செட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கோவிட் நோயாளிகளுக்குத் தீங்கு செய்வதாக ஒரு கட்டுரை வெளியிட்டது. 96,000 நோயாளிகளின் விவரம் என்றார்கள். உலகச் சுகாதார நிறுவனமே அந்த மருந்துச் சோதனையை நிறுத்திவைத்தது. ஆனால் ஆஸ்திரேலிய அரசு அதுவரை பதிவு செய்திருந்த மரணங்களைவிட அதிக மரணங்களைக் கட்டுரை அந்நாட்டின் கணக்கில் காட்டியிருந்தது. இணையத்தில் படித்த ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள்; விவரங்களைக் கொடுத்த சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனம் மூலப் பதிவுகளைக் காட்ட மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 13 நாள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2016-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரையில் ஒரே படம் மீண்டும் மீண்டும் ஒட்டப்பட்டிருப்பதை இணையத்தில் பலர் சுட்டிக்காட்ட, பல்கலைக்கழகம் விசாரித்து நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர், தம் கண்களாலேயே 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்து, அவற்றில் 3.8 விழுக்காட்டில் ஐயத்துக்குரிய படங்கள் இருப்பதை வெளியிட்டார். ஒருவர் இருபதாயிரம் கட்டுரைகளைப் படம் படமாகப் பார்த்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

எதை நம்புவது என்றால், ஒரே ஒரு கட்டுரையை நம்பாதீர்கள். வேறு ஊரில், வேறு ஆட்கள் செய்தும் அதே முடிவு வந்ததா என்று பாருங்கள். ‘முன்பதிப்பு’ என்று குறித்திருந்தால் அது இன்னும் யாராலும் மதிப்பிடப்படாதது. திரும்பப் பெறப்பட்டதா என்று அறிய, ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற அமைப்பு தொகுத்த பட்டியல் இப்போது எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது.

*

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இல்லாத தனி ஆய்வாளன் நான். ஒரு கட்டுரையைப் படிக்க 40 டாலர் கேட்கிறார்கள். கட்டணக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில் எடுப்பது குற்றமா? – பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பதிப்புரிமைச் சட்டப்படி அது மீறல்தான். கசகஸ்தானின் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-இல் தொடங்கிய அந்தத் தளத்தின்மீது எல்செவியர் பதிப்பகம் வழக்குத் தொடுத்து, 2017-இல் நியூயார்க் நீதிமன்றம் 15 மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது. ஆனால் மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வை மக்களே காசு கொடுத்துப் படிக்கும் ஏற்பாட்டை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. நூலகத்தின் ஆண்டுச் சந்தாத் தொகையை உயர்த்தி உயர்த்திக் கேட்ட பதிப்பகங்களோடு பேரம் பேசித் தோற்றவர்களில் நானும் ஒருவன்.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் நீங்கள் நினைப்பதைவிடப் பல இருக்கின்றன. அன்பேவால் என்ற இலவசக் கருவி, அதே கட்டுரையின் திறந்த படி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். இயற்பியல், கணிதம் என்றால் 1991 முதல் இயங்கிவரும் ஆர்க்கைவ் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானோர் மறுநாளே அனுப்பிவிடுவார்கள், தம் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறாரே என்ற மகிழ்ச்சியோடு. அந்த 40 டாலரில் அவர்களுக்கு ஒரு காசும் போவதில்லை.

*

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். எங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகக் குழுவின் 1950-களைச் சேர்ந்த குறிப்பேடுகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இவை ஆய்வுக்கு உதவுமா? யார் வெளியிடுவார்கள்? – பட்டர்வொர்த்

பதில்: உதவுமா என்று கேட்காதீர்கள், ஐயா. எந்தச் செயற்கை நுண்ணறிவும் படித்திராத மூன்று ஏடுகள் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. 1966-இல் தனிநாயக அடிகள் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியபோது இந்நாட்டுத் தமிழரின் தோட்ட வாழ்க்கை கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. இன்று அதை ஆராய வருபவருக்குக் காகிதம்தான் சாட்சி; 1924 முதல் வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழும் 2019-இல் நின்றுபோயிற்று.

இதழ் ஒன்று ஏற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; இந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தில் நான் மனமார வாழ்த்துவது இதைத்தான். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் எவரும் ஆவணங்களை இலவசமாகச் சேர்க்கலாம். சேர்த்ததும் டி.ஓ.ஐ. என்ற நிலையான எண் கிடைக்கும். எந்த நாட்டு ஆய்வாளரும் அந்த எண்ணைக் காட்டி உங்கள் குறிப்பேட்டை மேற்கோள் காட்டலாம். அதற்கு முன் அந்தக் குழுவினரின் குடும்பத்தார் யாராவது இருந்தால் இசைவு கேளுங்கள். யார் எவ்வளவு கடன்பட்டார், யாரைத் தள்ளிவைத்தார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம்.

படமெடுக்கும்போது கைபேசியை உயரமான இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே கிடத்தி, சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். பக்கங்களை லேமினேட் செய்ய வேண்டாம். ரப்பர் வளையம் போடாமல் பருத்தி நாடாவால் கட்டுங்கள். முதல் பத்துப் பக்கங்கள் ஆனதும் இந்தப் பகுதியின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். பழைய கையெழுத்தில் பெயர்களைப் படிப்பதற்கு நானும் உடன் உட்காருகிறேன்.